விளக்கு வைக்கிற நேரம்: குமரி மாவட்டச் சிற்றூர்ச் சபைகள் மாலைப் பள்ளி தொடங்க ஒரு வழிகாட்டி

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறுகிற பாதையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சிறிய சபையில் பதினோரு வருடமாக மாலைப் பள்ளி நடத்திவருகிறோம். எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டு வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளும், பல சபைகளைச் சேர்த்துக் கவனிக்கிற சேகரச் செயலர்களும் வருகிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வருடம் நாங்கள் செய்தது இது. ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஆலயத்தில் கூட்டம் வைத்து நாற்பது பிள்ளைகளுக்குப் பை, நோட்டு, குடை கொடுத்தோம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்தபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நடிக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவளுடைய நோட்டைப் பார்த்தேன். அவ்வளவு அழகான கையெழுத்து. “இத வாசி மக்கா, கேப்போம்” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, “தெரியாது சாரே. போர்டுல கெடந்தத எழுதினேன்” என்றாள். அந்த நோட்டு நாங்கள் கொடுத்ததுதான். ஆறு மாதமாக அவள் படம் வரைவதுபோல் எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். நமக்குப் பெருமைதான். ஆனால் கணக்கெடுப்பாளர் யாரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. வீட்டார் சொல்வதை எழுதிக்கொள்கிறார். மலையோரத்திலும் கடற்கரையிலும், பள்ளிக்கு நாள் தவறாமல் போயும் வாசிக்க வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வேலை அவர்களிடத்தில். பையும் குடையும் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் முதலில் வேண்டியது தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே முகம் உட்கார்ந்திருந்து வாசிக்கச் சொல்லித்தருவது.

முதல் மாதம் நடங்கள்

எதையும் திறக்காதீர்கள், பெயர்ப் பலகை எழுதாதீர்கள். மாலை ஆறு மணிக்குமேல் வீடு வீடாகப் போய் உட்காருங்கள். கட்டன் சாயா கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். பிள்ளை எந்தப் பள்ளி, எந்த பஸ், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறான், வந்தால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இந்த நான்காவது கேள்விதான் உங்கள் பள்ளியின் நேரத்தைத் தீர்மானிக்கும்.

ஊருக்கு ஊர் வேலை வேறு, வேலைக்கேற்றபடி பிள்ளை தனியாக இருக்கும் நேரமும் வேறு. எங்கள் பக்கத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் வெளுக்கும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காலையில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்ப அக்காவோ அம்மச்சியோதான் இருப்பார்கள். அதனால் காலை வகுப்பு எங்களுக்குச் சரிப்படவில்லை. வைத்துப் பார்த்து மூன்று வாரத்தில் விட்டுவிட்டோம். அண்டி ஆபீசுக்குப் போகும் அம்மாமார் உள்ள ஊர்களில், முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த கையோடு அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். கடற்கரையில் மீன் விற்கப் போன தாய் இருட்டிய பிறகுதான் வருவாள். அகஸ்தீஸ்வரம் பக்கத்தில் இன்னும் பனை ஏறுகிற வீடுகளில் பதநீர்க் காலத்தில் வீடு முழுக்க விறகும் அடுப்புமாக இருக்கும். பிள்ளைகளும் கூடமாட நிற்பார்கள். இந்தக் காலங்களை ஒரு தாளில் மாதவாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படி எழுதினால் ஒன்று கண்ணில் படும். ஜூனில் பள்ளி திறக்கும். அதே ஜூனில் தென்மேற்கு மழை தொடங்கிப் பால்வெட்டு நின்றுபோகும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. வீட்டில் காசு மிகவும் இறுகுகிற நேரமும், சீருடை, செருப்பு, வேன் கூலி என்று கேட்கிற நேரமும் ஒன்றாக வருகின்றன. பத்தாம் வகுப்பு முடித்த பையன் “ஒரு மாசம் வேலைக்குப் போயிட்டு வாரேன்” என்று கிளம்புவதும் அப்போதுதான். அந்த ஒரு மாதம் பெரும்பாலும் ஒரு மாதமாக இருப்பதில்லை. உங்களிடம் கொஞ்சம் பணம் இருந்தால் டிசம்பரில் கேக்கு வாங்குவதைவிட ஜூனில் செருப்பு வாங்குங்கள்.

வீடுகளைப் பார்த்த பிறகு பள்ளியைப் பாருங்கள். தலைமையாசிரியரிடம் போய், உங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் எங்களிடம் வரப்போகிறார்கள், யார் வாசிக்கத் திணறுகிறார்கள் என்று சொல்லுங்கள் எனக் கேளுங்கள். குறைசொல்ல வந்தவர்களாக உங்களை அவர் நினைத்துவிட்டால் காரியம் கெட்டது. ஒரே ஆசிரியை இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துக் கவனிக்கிற தொடக்கப் பள்ளிகள் உண்டு. அந்த ஆசிரியைக்கு நீங்கள் துணை. ஏற்கெனவே அந்த ஊரில் அரசின் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்துகொண்டிருந்தால் போட்டிக்கு இன்னொன்று திறக்காதீர்கள். அந்தத் தன்னார்வலரோடு பேசுங்கள். இடம் கொடுங்கள், விளக்கு கொடுங்கள், அவர் எடுக்காத வகுப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாவட்டத்தில் மிஷன் கல்வி தொடங்கிய விதத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் தஞ்சாவூர்வரை போய் ஞானஸ்நானம் பெற்று, எங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் எழுந்தன. ஊர் முதலில் கேட்டது. உங்கள் ஊரும் கேட்கட்டும். நடந்து முடிந்த மாதக் கடைசியில் நாலு தாய்மார்களாவது “எப்ப தொடங்கப் போறீங்க?” என்று கேட்காவிட்டால் இன்னும் ஒரு மாதம் நடங்கள்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

சபைக் கமிட்டியில் தீர்மானம் போட்டு நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதுங்கள். ஆலயக் கட்டடத்தையோ பாரிஷ் ஹாலையோ மாலை எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை வகுப்புக்குக் கொடுக்கிறோம், கரண்டு பில் யார் கட்டுவது, சாவி யாரிடம் என்பதுவரை அதில் இருக்கட்டும். போதகர் மாறுவார், கமிட்டி மாறும். எழுதாமல் விட்டால் புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் ஹாலை ஆக்கிரமித்த ஆட்களாகத் தெரிவீர்கள். கத்தோலிக்க ஊர்களில் பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவையிலும் இதையே செய்யுங்கள். அங்கே அன்பியங்கள் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்கள் இருப்பதால் வீடுகளுக்குச் செய்தி கொண்டுபோவது எளிது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு பக்கப் படிவம் வேண்டும். பெயர், பள்ளி, வகுப்பு, போன் நம்பர், உடம்புக்கு ஏதாவது உண்டா, மாலையில் யார் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அடுத்து, பிள்ளைகளின் பாதுகாப்பு. இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், போதகருக்கும் சரி, நன்கொடை தருகிறவருக்கும் சரி. வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். கதவு திறந்திருக்க வேண்டும். தனியாக ஒரு பிள்ளையை யாரும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. அடி கிடையாது, காதைத் திருகுவதும் கிடையாது. பிள்ளைகளின் சிறுவர் உதவி எண் 1098 சுவரில் பெரிதாக எழுதியிருக்கட்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்தது தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்கும் கடமை தெரிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் உண்டு. சபைக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

“தூரத்துப் பிள்ளைகளை ஹாலிலேயே தங்கவைத்துப் படிக்கவைக்கலாமே” என்று நல்ல மனதோடு யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கிற இல்லங்கள் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மாலைப் பள்ளி நடத்துகிற கைகளுக்கு அது மிகப் பெரிய சுமை.

யார் சொல்லித்தருவது

நாகர்கோவிலிலிருந்து சனிக்கிழமைதோறும் கல்லூரி மாணவர்கள் வந்து பாட்டும் விளையாட்டும் நடத்துவது பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அதனால் வாசிப்பு வராது. ஊரிலேயே இருக்கிற ஒரு ஆளைத் தேடுங்கள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண், பிளஸ் டூ படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்த மருமகள், அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா. இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இல்லாத ஊர் கிடையாது. எங்கள் முதல் ஆசிரியை பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, இரண்டாம் தடவை எழுதி ஜெயித்தவர். பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்பது அவருக்குத்தான் சட்டென்று புரியும்.

அவருக்கு மாதாமாதம் மதிப்பூதியம் கொடுங்கள். “ஊழியம்தானே” என்று சொல்லி ஒரு பெண்ணின் மாலை நேரத்தை வருடக்கணக்கில் இலவசமாக வாங்குவது நியாயம் அல்ல. இலவசமாக வருகிறவர் வராத நாளில் நம்மால் கேட்கவும் முடியாது. முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பேர். ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் கதவைத் திறப்பார். எந்தக் காரணத்துக்காகவும் பூட்டிய கதவைப் பார்த்துப் பிள்ளைகள் திரும்பக் கூடாது. இரண்டு நாள் பூட்டியிருந்தால் மூன்றாம் நாள் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

வாசிப்பு: இதில்தான் எல்லாம்

முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகள் கேட்கிற தூரத்தில் இருக்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே இரண்டாம் வகுப்புப் பத்திதான். வாசித்துவிட்டால் கதை, திணறினால் ஒற்றை வரி, அதுவும் வராவிட்டால் சொற்கள், பிறகு எழுத்துகள். ஒரு நோட்டில் தேதி போட்டு, எதுவரை வந்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நீங்கள் செய்கிற வேலைக்கு இதுதான் கணக்குப் புத்தகம்.

பிறகு வகுப்புவாரியாகப் பிரிக்காமல், வாசிக்கிற நிலையைப் பார்த்துப் பிரியுங்கள். பெரிய பையன் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுவான். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, அவனை அந்தக் குழுவுக்கு உதவியாளனாக உட்காரவைப்பது. அட்டைகளை எடுத்துக் காட்டுவது அவன் வேலை. காட்டிக் காட்டியே அவனும் படித்துக்கொள்வான். அவன் படிக்கிறான் என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

திணறுகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். க, கா, கி, கீ என்று வரிசையாக ராகம் போட்டுச் சொல்லிவிடுவார்கள். ‘கோ’வை மட்டும் தனியாக எழுதிக் காட்டினால் தெரியாது, மனசுக்குள் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிற்பார்கள். ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா, கொம்புக்குப் பிறகு கால் உண்டா இல்லையா, இதுதான் முடிச்சு. கெ, கே, கை, கொ, கோ என்ற ஐந்தை வைத்துக்கொண்டு, வரிசையைக் கலைத்து, ஒரு வாரம் விளையாடுங்கள். ஒரு மெய்யில் பிடிபட்டுவிட்டால் மற்ற பதினேழும் ஓடிவரும். ண, ன, ந வேறுபாடும் ர, ற வேறுபாடும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்காக இப்போதே சிவப்பு மையால் சுழிக்காதீர்கள்.

சொல் அட்டைகளை நீங்களே எழுதுங்கள். கடையில் விற்கிற அட்டையில் ஆப்பிளும் ஒட்டகமும் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மரச்சீனி, சக்கை, ஒட்டுப்பால், கொடுவாள், சிரட்டை, ஆறு, யானை. கடற்கரையில் என்றால் வள்ளம், வலை, சாளை, நெத்தோலி, தட்டுமடி. பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைக் கண்ணால் பார்க்கும்போது அவன் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. விளவங்கோடு பக்கத்தில் வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைகள் இருப்பார்கள். மலையில் காணிப் பழங்குடியினர் குடியிருப்புப் பிள்ளைகளின் பேச்சு இன்னொரு விதம். அவர்களைத் திருத்தாதீர்கள். அவர்கள் சொல்லை முதலில் எழுதிக்காட்டி, பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதுங்கள்.

வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தினமும் இருபது நிமிடம் ஏதாவது வாசிக்கக் கிடைக்க வேண்டும். பழைய சிறுவர் இதழ்கள், நூலகம் கழித்த புத்தகங்கள், நீங்களே எழுதிய நாலு வரிக் கதைகள். சனிக்கிழமை ஒரு பிள்ளை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். தாய் தகப்பன் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால், வீட்டில் ரேஷன் கடை ரசீதையோ மருந்துச் சீட்டையோ வாசித்துக் காட்டச் சொல்லி அனுப்புங்கள். அந்த வீட்டில் பிள்ளைக்கு வேறு மதிப்பு வந்துவிடும்.

கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பதும் வகுத்தலும் வந்தால் ஐந்தாம் வகுப்புவரை சமாளிக்கலாம். ரப்பர் ஷீட்டின் எடையும் விலையும் வைத்தே கணக்குப் போடுங்கள். ஆங்கிலத்தைத் தமிழ் வாசிப்பு நிலைத்த பிறகு எடுங்கள். ‘இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க’ என்று பெற்றோர் நெருக்குவார்கள். ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஒரு மாலை எப்படிப் போகும்

பள்ளி பஸ் ஐந்தே காலுக்கு வந்தால் வகுப்பு ஐந்தே முக்காலுக்கு. வந்ததும் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறாது. அவித்த சிறுபயறு, மரச்சீனி, கடலை, சில நாள் அவல். சபையில் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் வாரத்துக்கு ஒரு வீடு என்று ஏற்றுக்கொண்டால் செலவும் குறையும், ஊரும் உள்ளே வரும். பிறகு நாற்பது நிமிடம் வாசிப்பு, முப்பது நிமிடம் பள்ளி வீட்டுப்பாடம், கடைசியில் கதையோ பாட்டோ. ஏழரைக்கு முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் கரண்டு போவது எங்களுக்குப் புதிது அல்ல. இன்வெர்ட்டர் வாங்க முடியாவிட்டால் நான்கு சார்ஜ் விளக்குகளாவது வாங்குங்கள். வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போகட்டும். மலைப்பக்கத்தில் யானை நடமாட்டம் கேள்விப்பட்ட நாளில் ஆறரைக்கே விட்டுவிடுவோம், பெரியவர்கள் டார்ச்சோடு கூடப் போவார்கள்.

ஜெபமும் படிப்பும்

எங்கள் பள்ளியில் வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். நாங்கள் ஏன் இந்தக் கதவைத் திறக்கிறோம் என்பது அவர்களுக்கும் தெரியும். மறைக்கவில்லை, மறைக்க வேண்டியதும் இல்லை. இயேசு பிள்ளைகளை வரவிடச் சொன்னார், அதனால் திறக்கிறோம். ஆனால் வகுப்பு நேரத்துக்குள் ஜெபமும் வேதபாடமும் கிடையாது. ஏழரை மணிக்குப் பிறகு பத்து நிமிடம் ஜெபம் உண்டு; விரும்புகிறவர்கள் நிற்கலாம், மற்றவர்கள் போகலாம். போகிற பிள்ளையிடம் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளிகளில் சமய வகுப்புக்கு யாரையும் சம்மதமில்லாமல் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நம்முடைய சிறிய மாலைப் பள்ளியும் அந்த ஒழுங்கில் நிற்பது நல்லது.

இந்த மாவட்டம் 1982இல் மண்டைக்காட்டு இந்து–கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்தது. பெரியவர்கள் இன்றும் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். படிப்பை வைத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் முதலில் நின்றுபோவது ஒரு பெண்பிள்ளையின் படிப்பாக இருக்கும். அதனால் அக்கம்பக்கத்துக் கோயில் நிர்வாகிகளையும் வார்டு உறுப்பினரையும் தொடக்க நாளிலேயே அழைத்து வகுப்பைக் காட்டுங்கள். எங்களுக்கு முதல் கரும்பலகை வாங்கித் தந்தவர் ஊர் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர்.

பணம்

எங்கள் மாதக் கணக்கைச் சொல்கிறேன். இரண்டு ஆசிரியைகளுக்குத் தலா 5,000 வீதம் 10,000 ரூபாய். முப்பது பிள்ளைகளுக்கு 22 நாள் பலகாரம், ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய் வீதம் 5,280. கரண்டு, சாக்பீஸ், ஜெராக்ஸ் 1,200. தேர்வுக்கும் சான்றிதழுக்கும் அலைகிற பஸ் செலவு 1,500. மொத்தம் 17,980. இதை ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். ஒரு பணக்காரர் கொடுத்து நடக்கிற பள்ளி அவர் கோபித்துக்கொள்கிற நாளில் நின்றுவிடும்.

நம்முடைய சபைகளுக்குப் பழைய வழி தெரியும். சோறு வைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிற பிடியரிசி. அதை மாலைப் பள்ளிக்கென்று திரும்பத் தொடங்குங்கள். அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுகிற வாழைக்குலையில் ஒன்று, சபையார் சேர்ந்து சாப்பிடுகிற அசனத்தில் மிஞ்சுகிற தொகையில் ஒரு பங்கு. மிஷனரியாக வந்த மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தபோது லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற காசில் அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே வாங்கிக்கொண்டார்கள். இருநூறு வருடத்துக்கு முன்பு, கையில் ஒன்றும் இல்லாத பெண்கள் செய்தது அது.

வளைகுடாவில் இருக்கிற ஊர்க்காரர்கள் உதவ முன்வருவார்கள். இங்கே சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவரோ, வெளிநாட்டுச் சபையோ கொடுத்தால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள அமைப்புகூடத் தான் பெற்றதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. எவ்வளவு வாங்கினாலும் ரசீது, ஆலயத்தின் பலகையில் மாதக் கணக்கு.

போட்டோ பற்றி ஒரு சொல். நன்கொடையாளருக்கு அனுப்பப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கிழிந்த சட்டையோடு படம் எடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு நர்சாகவோ ஆசிரியராகவோ இதே ஊரில் நடமாடப்போகிறது.

சான்றிதழ்களும் உதவித்தொகைகளும்

படிப்புக்கு அடுத்தபடி நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான், காசும் அதிகம் ஆகாது. பிள்ளை ஏழாம் வகுப்பு வந்ததும் ஒரு கோப்பு போடுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. காணிக்காரப் பிள்ளைகளின் பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டத்தில்தான் கொடுப்பார்கள். நாள் பிடிக்கும் என்பதால் பத்தாம் வகுப்புவரை காத்திருக்கக் கூடாது. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இந்த மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். ஆனாலும் அந்த மாணவர்களுக்கு மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத் துறை உதவித்தொகை உண்டு. இது தெரியாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வு. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்து, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அதன் மனத்திறன் தாளுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்தால் போதும், நம் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். எங்களிடமிருந்து இதுவரை ஏழு பேர் தேறியிருக்கிறார்கள்.

பெற்றோர் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்ல மறக்காதீர்கள். நம் மாவட்டத்தில் மிஷன் நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளிகள் நிறைய. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், இப்போது உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் மருத்துவப் படிப்பின் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். ஐந்தாம் வகுப்பு முடிகிற கோடையில் இதை வீட்டில் விளக்குங்கள். எந்தப் பள்ளி என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு

தேர்வு முடிவு வருகிற அன்று எங்கள் ஆசிரியைகள் இருவரும் ஹாலில் இருப்பார்கள். தவறிய பிள்ளை வீட்டுக்குப் போகும் முன் இங்கே வர வேண்டும் என்று மார்ச் மாதமே சொல்லிவைப்போம். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டுவதுவரை அவனை விட மாட்டோம். கையால் வேலை செய்ய விரும்புகிற பையனை நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள அரசு ஐ.டி.ஐ.க்கும் அரசு பாலிடெக்னிக்குக்கும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். நோட்டீஸ் கொடுப்பதைவிட அது பலன் தரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை வாங்கிவையுங்கள், தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை கிடைக்கும். பெண்பிள்ளைக்கு “மாப்பிள்ளை பாக்கோம்” என்ற பேச்சு பிளஸ் ஒன்னிலேயே தொடங்கும். அப்போது போய்ப் பேச வேண்டியவர் போதகர் அல்ல. ஏற்கெனவே படித்து வேலைக்குப் போகிற, அதே ஊர்ப் பெண் ஒருத்தி. அவளை அந்தத் தாயின் அடுக்களையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள்.

நாடகத்துக்கு வர மாட்டேன் என்று ஒதுங்கிய பிள்ளைக்கு வாசிப்பு வர ஒன்பது மாதம் ஆனது. இப்போது அவள் எங்கள் இரண்டாவது ஆசிரியை. சொல் அட்டைகள் எல்லாம் அவள் கையெழுத்து. நீங்கள் தொடங்கும் முன் ஒரு மாலை எங்கள் வகுப்புக்கு வந்து பார்ப்பதானால் ஐந்தே முக்காலுக்கு முன்பே வாருங்கள். பயறு சூடாக இருக்கும்.